துப்பாக்கியைச் சுருக்கலாம், சோதனையைச் சுருக்கலாமா?

சென்னை திருவொற்றியூரில் பிறந்து ஊர் ஊராகத் தடதடக்கும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அந்தப் பெயரில் உள்ள என்ஃபீல்டு, லண்டனின் வடக்கு ஓரத்தில் இருந்த ஓர் அரசுத் துப்பாக்கி ஆலையின் ஊர். அந்த ஆலைக்கு உதிரி பாகங்கள் செய்துகொடுத்த நிறுவனம்தான் பிற்பாடு மோட்டார் சைக்கிள் தயாரிப்பில் இறங்கியது. தன் வண்டி துப்பாக்கியைப் போல உறுதியாகச் செய்யப்பட்டது என்று நெடுங்காலம் விளம்பரமும் செய்தது. நம் ஊர்க் காவலர்கள் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று அழைத்த லீ-என்ஃபீல்டு ரைஃபிளும், பிரென் இயந்திரத் துப்பாக்கியும் இந்த ஊரின் பெயரைத் தாங்கியவை. பிரென் என்பதில் உள்ள ‘என்’ என்ஃபீல்டைக் குறிப்பதுதான்.

ஆனால், அந்த ஆலை கடைசியாக உருவாக்கிய ராணுவ ரைஃபிளுக்கு அந்த விளம்பரம் கொஞ்சமும் பொருந்தவில்லை.

எல்85ஏ1 என்பது அதன் பெயர். 1985-ல் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தது. 1991 வளைகுடாப் போரில் பாலைவனத்துக்குப் போனதும் அதன் வண்டவாளம் வெளியே வந்தது. சிப்பாய் நடக்கும்போது துப்பாக்கி அவருடைய உடுப்பிலும் இடுப்புப் பட்டைகளிலும் உரசும். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த பொத்தான் தானாக அழுந்தும். தோட்டாக்கள் நிறைந்த மேகசின் கழன்று மணலில் விழும். பூச்சி விரட்டி மருந்து தடவிய கையால் பிடித்தால் பிளாஸ்டிக் பாகங்கள் கெட்டுப்போயின. தோட்டாவின் அடியில் தட்டும் ஊசி, தொடர்ந்து சுட்டால் முறிந்தது. நுண்மணல் உள்ளே புகுந்தால் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. எதிரி எதிரே நிற்கும்போது சுடாத துப்பாக்கியும் கையில் பிடித்த தடியும் ஒன்றுதான்.

எல்85, ‘புல்பப்’ என்ற வகையைச் சேர்ந்தது. மேகசின் கைப்பிடிக்கு முன்னால் இருப்பதற்குப் பதிலாகப் பின்னால், ஏறத்தாழ அக்குளுக்கு அருகே செருகப்பட்டிருக்கும். பார்ப்பதற்கு முழு ரைஃபிளின் பின்பாதியை யாரோ அறுத்து எடுத்துவிட்டதுபோல இருக்கும். குடியரசு தின அணிவகுப்பில் நம் சிறப்புப் படையினர் ஏந்திவரும் இஸ்ரேலின் டாவோர் ரைஃபிளும் இந்த வகைதான். எல்85-ன் தோல்விக்கு அந்த விநோத வடிவமே காரணம் என்ற பேச்சு ஆயுத ஆர்வலர்களிடையே இன்றும் உண்டு. அண்மைக் காலமாகப் பல நாடுகள் புல்பப்பைக் கைவிட்டுவருவது அந்தப் பேச்சுக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால், அந்தப் பேச்சு பாதி உண்மைகூட இல்லை. வடிவத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டால், உண்மையில் தவறியவர்கள் தப்பித்துவிடுவார்கள். புதிய ரைஃபிள்களை வாங்கியும் தயாரித்தும் வரும் இந்தியா, இந்தக் கதையைச் சரியாகப் படித்தாக வேண்டும்.

முதலில் வடிவத்தைப் பார்த்துவிடலாம். வழக்கமான ரைஃபிளில் டிரிக்கருக்குப் பின்னால், தோளில் சாய்த்துக்கொள்ளும் கட்டையின் பெரும்பகுதிக்குத் தோளைத் தொடுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அந்த இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் புல்பப். தோட்டா வெடிக்கும் அறை, முன்னும் பின்னும் ஓடும் போல்ட், மேகசின் எல்லாவற்றையும் அந்தக் கட்டைக்குள் தள்ளிவிட்டால், குழலைக் குறைக்காமலே துப்பாக்கியின் மொத்த நீளம் குறையும். பிரிட்டன் அதற்கு முன் பயன்படுத்திய எஸ்.எல்.ஆர். 1,143 மில்லிமீட்டர் நீளம். எல்85 வெறும் 785. ஒன்றரைச் சாணுக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால், குழல் மட்டும் 518 மில்லிமீட்டர். கவச வண்டிக்குள் எட்டுப் பேர் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கும்போதும், ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கும்போதும், வீட்டு வாசற்படியில் சட்டென்று திரும்பும்போதும் அந்த ஒன்றரைச் சாண் பெரிய விஷயம்.

குழலை ஏன் குறைக்கக் கூடாது? 5.56 மில்லிமீட்டர் தோட்டா சின்னது. அதன் பலம் எடையில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. குழல் குட்டையானால் வெடிமருந்து முழுவதும் தள்ளுவதற்குள் தோட்டா வெளியே போய்விடும், வேகம் குறையும். அமெரிக்காவின் எம்4 கார்பைனின் குழல் 368 மில்லிமீட்டர்தான். அதைவிடப் பெரிய குழலை, கட்டையை நீட்டிய எம்4-ஐவிடச் சிறிய துப்பாக்கிக்குள் வைத்துக் காட்டியது புல்பப்.

இந்த யோசனை இன்று நேற்று வந்ததல்ல. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டியிருந்த காலத்திலேயே, 1901-ல், தார்னிகிராஃப்ட் என்பவர் இப்படியொரு குட்டைத் துப்பாக்கியை பிரிட்டனில் செய்து பார்த்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, போலந்திலிருந்து வந்த ஸ்டெஃபான் ஜான்சன் என்ற பொறியாளரின் தலைமையில் இ.எம்-2 என்ற புல்பப் ரைஃபிள் உருவானது. அதற்கென்றே 7 மில்லிமீட்டர் அளவில் புதிய தோட்டாவும் வடிவமைக்கப்பட்டது. 1951 ஏப்ரலில் அட்லியின் தொழிற்கட்சி அரசு அதை ராணுவ ரைஃபிளாக ஏற்றது. அக்டோபரில் ஆட்சி மாறி, சர்ச்சில் வந்தார். நேட்டோ நாடுகள் அனைத்துக்கும் ஒரே தோட்டா வேண்டும், அதுவும் வலிமையான தோட்டாவாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கா பிடிவாதம் பிடித்தது. சர்ச்சில் இ.எம்-2-ஐக் கைவிட்டார். பெல்ஜியத்தின் ஃபால் ரைஃபிள், எஸ்.எல்.ஆர். என்ற பெயரில் பிரிட்டனுக்குள் வந்தது. அதே குடும்பத்து ரைஃபிளை இந்தியா இஷாப்பூரில் தயாரித்தது. அது நம் காவலர்களின் தோள் வரைக்கும் வந்து சேர்ந்தது. வலிமையான தோட்டாதான் வேண்டும் என்று அடம்பிடித்த அமெரிக்கா, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தானே 5.56-க்கு மாறியதுதான் இதில் வேடிக்கை.

என்ஃபீல்டு பொறியாளர்கள் அந்தக் கனவை விடவில்லை. 1970-களில் 4.85 மில்லிமீட்டர் தோட்டாவுடன் மீண்டும் ஒரு புல்பப்பை எடுத்துவந்தார்கள். நேட்டோ 5.56-ஐத் தேர்ந்தெடுத்ததால் அதற்கேற்ப அதை மாற்றினார்கள். உள்ளே இயங்குமுறை புதியதல்ல, அமெரிக்காவின் ஏ.ஆர்-18 ரைஃபிளைத் தழுவியது. அதாவது, வழக்கமான வடிவில் நன்றாகவே வேலை செய்த இயந்திரம் அது.

இங்கேதான் அரசியல் உள்ளே வருகிறது. தாட்சர் அரசு 1984-ல் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை ஒரு நிறுவனமாக மாற்றியது. 1985-ல் எல்85 ராணுவத்துக்கு வந்தது. 1987-ல் அந்த நிறுவனம் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு விற்கப்பட்டது. 1988-ல் என்ஃபீல்டு ஆலை மூடப்பட்டு, உற்பத்தி நாட்டிங்காமுக்கு நகர்ந்தது. ஒரு புதிய ரைஃபிளுக்கு முதல் சில ஆண்டுகள் கைக்குழந்தைப் பருவம். படையிலிருந்து வரும் புகாரைக் கேட்டு, ஸ்பிரிங்கை மாற்றி, அச்சைத் திருத்தி, மறுபடியும் சுட்டுப் பார்க்கும் காலம் அது. அந்தக் காலத்தில்தான் அதைப் பெற்ற ஆலையின் கதவு சாத்தப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்களின் கைப்பழக்கமும் கலைந்துபோனது.

வளைகுடாப் போருக்குப் பிறகு, துப்பாக்கியின் நிலையை ஆராய்ந்த ராணுவ அறிக்கை ஒன்று 1992-ல் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அதில் சுமார் 50 குறைகள் பட்டியலிடப்பட்டிருந்தன. அதன் பிறகு நடந்த திருத்தங்களில் சரிசெய்யப்பட்டவை 7 மட்டும். மேகசின் பொத்தானைச் சுற்றி ஒரு தடுப்பு வைத்தார்கள். அதுபோல இன்னும் சில. மீதிக் குறைகளோடு அதே துப்பாக்கி பிரிட்டிஷ் சிப்பாய்களின் கையில் பல ஆண்டுகள் இருந்தது. எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2000-ல்தான் முழுப் பழுதுபார்ப்புக்கு ஏற்பாடானது. ஜெர்மனியின் ஹெக்லர் & கோக் நிறுவனம் சுமார் 2 லட்சம் துப்பாக்கிகளைத் திருத்தியது. செலவு 9.2 கோடி பவுண்டு.

என்ன திருத்தினார்கள் என்பதில்தான் இந்தக் கட்டுரையின் வாதம் இருக்கிறது. போல்ட், ஊசி, சுத்தியல், ஸ்பிரிங்குகள், மேகசின் ஆகியவை மாறின. போல்ட்டை இழுக்கும் கைப்பிடி, தமிழில் நாம் போடும் காற்புள்ளியின் வடிவத்துக்கு மாறியது. வெளியே தெறிக்கும் வெற்றுத் தோட்டா மறுபடியும் உள்ளே விழாமல் தட்டிவிடுவதற்காக இந்த ஏற்பாடு. மேகசின் அதே இடத்தில் இருந்தது. நீளம் அதே நீளம். புல்பப் புல்பப்பாகவே இருந்தது. எல்85ஏ2 என்ற பெயரில் திரும்பிவந்த அந்தத் துப்பாக்கி, தொடக்கத்தில் சில முணுமுணுப்புகளுக்குப் பிறகு, இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் சிப்பாய்களின் நம்பிக்கையைப் பெற்றது. குறி தவறாத ரைஃபிள் என்று அதற்கு முன்பே பெயர் உண்டு. ஆக, வடிவத்தைத் தொடாமலே நோய் குணமாகிவிட்டது.

இன்னொரு சாட்சி ஆஸ்திரியா. எல்85-க்கு எட்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1977-ல், ஸ்டெயர் ஆக் என்ற புல்பப்பை அந்த நாடு ஏற்றது. எத்தனை தோட்டா மிச்சம் என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒளி ஊடுருவும் மேகசின், எளிதில் கழற்றி மாட்டும் குழல், பச்சைப் பிளாஸ்டிக் உடல் எல்லாம் அதில் இருந்தன. ‘டை ஹார்டு’ படத்தில் வில்லனின் அடியாள் கையில் பலர் பார்த்த துப்பாக்கி அது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அயர்லாந்தும் அதை வாங்கின. பெரிய அவமானம் எதுவும் அதற்கு நேரவில்லை. வடிவம் ஒன்றே, விளைவு வேறு.

இதற்காக, புல்பப்பில் குறையே இல்லை என்று சாதிப்பதும் நேர்மையாகாது. பீச்சாங்கைக்காரர்களைக் கேட்டால் தெரியும். புல்பப்பில் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும் துளை, சுடுபவரின் முகத்துக்கு அருகில் வருகிறது. வலது தோளில் வைத்தால் தோட்டா உறை வலப்பக்கம் காற்றில் பறக்கும். இடது தோளுக்கு மாற்றினால், சூடான பித்தளை உறை கன்னத்தில் அறையும். எல்85-ல் இன்னொரு ஆபத்தும் உண்டு. போல்ட்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஓடும் கைப்பிடி, இடது தோளில் வைப்பவரின் பல்லுக்கு நேராக வரும். ஆகவே, இடக்கைப் பழக்கம் உள்ளவர்களும் வலது தோளிலிருந்து சுடவே பிரிட்டிஷ் ராணுவம் பயிற்சி கொடுத்தது. பத்தில் ஒருவர் இடக்கைக்காரர். போதாததற்கு, இடது பக்கச் சுவர் ஓரமாக மறைந்து சுடுவதற்கு வலக்கைக்காரரும் தோளை மாற்ற வேண்டியிருக்கும். ஸ்டெயர் ஆக் போல்ட்டை மாற்றிப் போட்டு, உறை இடப்பக்கம் தெறிக்கும்படி செய்யலாம். பிரான்சின் ஃபமாஸ் ரைஃபிளிலும் அந்த வசதி இருந்தது. பல ஆண்டுகள் முன்பே அக்கம்பக்கத்து நாடுகள் கண்டுபிடித்த விடையை என்ஃபீல்டு எடுத்துக்கொள்ளவில்லை.

மேகசின் மாற்றுவதும் அப்படித்தான். சாதாரண ரைஃபிளில் மேகசின் கண்ணெதிரே இருக்கிறது. புல்பப்பில் முழங்கையை மடக்கி, அக்குளுக்குக் கீழே தடவிச் செருக வேண்டும். குண்டு துளைக்காத கவசம் அணிந்து, தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு அதைச் செய்வது பழகியவர்களுக்கே சிரமம். டிரிக்கர் முன்னாலும் சுத்தியல் பின்னாலும் இருப்பதால் இரண்டையும் இணைக்க நீண்ட கம்பி ஒன்று ஓடும். அதனால் டிரிக்கரை அழுத்தும் உணர்வு கொஞ்சம் ‘கொழகொழ’வென்று இருக்கும். ஆளுக்குத் தகுந்தாற்போல் கட்டையை நீட்டிச் சுருக்கவும் பெரும்பாலானவற்றில் வழியில்லை, அங்கேதான் இயந்திரமே இருக்கிறது.

இந்தக் குறைகள் எப்போதும் இருந்தவை. இப்போது ஏன் நாடுகள் பின்வாங்குகின்றன? காலம் மாறியதுதான் காரணம். குட்டைக் குழலிலும் நன்றாக வேலை செய்யும் தோட்டாக்கள் வந்துவிட்டன. கவச உடைக்கு ஏற்ப நீட்டிச் சுருக்கும் கட்டைகள் வந்துவிட்டன. விளக்கு, லேசர், ஒலிகுறைப்பான் என்று முன்பக்கம் மாட்ட வேண்டியவை பெருகிவிட்டன. புல்பப்பின் குட்டையான முன்பகுதியில் அவற்றுக்கு இடம் குறைவு. எம்4 போன்ற ஏ.ஆர். குடும்ப ரைஃபிள்களைப் பல நிறுவனங்கள் தயாரிப்பதால் உதிரி பாகமும் எளிதில் கிடைக்கிறது. சொந்த ஃபமாஸை வைத்திருந்த பிரான்ஸ், செயின்ட் எட்டியென் ஆலையை மூடிய பிறகு, 2016-ல் ஜெர்மனியின் எச்.கே.416-ஐத் தேர்ந்தெடுத்தது. நியூசிலாந்து ஸ்டெயரிலிருந்து விலகியது. 1997-ல் ஹாங்காங் கைமாறியபோது உலகம் பார்த்த சீன புல்பப்பின் இடத்துக்கு, 2019 தேசிய தின அணிவகுப்பில் வழக்கமான வடிவிலான புதிய ரைஃபிள் வந்தது. போலந்து இன்னும் தெளிவாகச் சோதித்தது. ஒரே இயங்குமுறையில் புல்பப்பும் வழக்கமான வடிவமும் செய்து பார்த்து, இரண்டாவதைப் படைக்கு எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் புதிய 6.8 மில்லிமீட்டர் ரைஃபிளுக்கான போட்டியில் கலந்துகொண்ட புல்பப், 2022-ல் தோற்றது.

எல்லோரும் விலகிவிடவில்லை. ஆஸ்திரேலியா லித்கோ ஆலையில் ஸ்டெயரை மெருகேற்றி வைத்திருக்கிறது. குரோஷியா சொந்த புல்பப் செய்கிறது. சிங்கப்பூர் 1999-ல் எஸ்.ஏ.ஆர்.21-ஐ வெளியிட்டது, கட்டாய ராணுவ சேவைக்குப் போகும் அந்த ஊர்த் தமிழ் இளைஞர்களுக்கும் கையில் கிடைக்கும் துப்பாக்கி அது. முந்தைய எம்16-ஐவிட ஒரு சாணுக்குச் சற்றே குறைவாகக் குட்டை. தோட்டா அறை வெடித்தாலும் கன்னம் தப்ப, முகம் படும் இடத்தில் கெவ்லார் தகடு வைத்திருக்கிறார்கள். தன் சிப்பாயின் கன்னத்தை நினைத்துப் பார்த்த வடிவமைப்பு அது.

இனி இந்தியாவுக்கு வருவோம். புணேயில் வடிவமைக்கப்பட்ட இன்சாஸ் ரைஃபிள் புல்பப் அல்ல, வழக்கமான வடிவம்தான். ஆனால், 1999 கார்கில் குளிரில் மேகசின் விரிசல் விடுவதாகவும் துப்பாக்கி அடைத்துக்கொள்வதாகவும் புகார்கள் வந்தன. வடிவம் எதுவானாலும் நோய் ஒன்றுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 2002-ல் சிறப்புப் படைகளுக்கு 3,000-க்கும் மேற்பட்ட டாவோர்கள் வாங்க ஒப்பந்தமானது. முதலில் வந்தவற்றில் திருத்தங்கள் தேவைப்பட்டன. 2011-ல் இரண்டு குழல்களை மாற்றி மாட்டும் ரைஃபிளுக்கு ராணுவம் ஒப்பந்தப் புள்ளி கோரி, 2015-ல் அதை ரத்துசெய்தது. பிறகு 2019-ல் அமெரிக்க சிக்716 ரைஃபிள்கள் 72,400. 2021-ல் அமேத்தி அருகே கோர்வாவில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.203 தயாரிக்க ரஷ்யாவுடன் ஒப்பந்தம். ஒரு சிப்பாயின் பணிக்காலத்துக்குள் இத்தனை திருப்பங்கள்.

பிரிட்டனின் 1984-க்கு இணையான ஆண்டு நமக்கும் வந்துவிட்டது. 2021 அக்டோபர் 1 அன்று, அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் 7 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. 1966-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, இன்று ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ செய்துவரும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் போனது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அரசு செயல்திறன் கூடும் என்றது. நிறுவனமாக்குவது தன்னளவில் குற்றமில்லை. ஆனால், புதிய ரைஃபிள்கள் படைக்குள் வந்துகொண்டிருக்கும் இந்த ஆண்டுகளில், அவற்றைச் செய்யும் கைகளைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என்ஃபீல்டு பதில் சொல்கிறது. அந்த ஆலை இருந்த இடத்தில் இன்று குடியிருப்புகள் இருக்கின்றன. பிரிட்டன் தன் அடுத்த ரைஃபிளைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதைச் செய்ய அரசுத் துப்பாக்கி ஆலை ஒன்றுகூட அந்த நாட்டில் இல்லை.

எனவே, கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. ராஜஸ்தான் மணலிலும் சியாச்சின் பனியிலும், இடக்கைக்காரர்களையும் சேர்த்து, சாதாரண ஜவான்கள் மாதக்கணக்கில் சுட்டுப் பார்த்த பிறகே எந்த ரைஃபிளும் முழு எண்ணிக்கையில் வாங்கப்பட வேண்டும். படையில் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுகளுக்காவது, அதைச் செய்யும் ஆலையை மூடுவதோ, இடம் மாற்றுவதோ கூடாது. ஜவான்கள் சொன்ன குறைகள் எத்தனை, அவற்றில் சரிசெய்தவை எத்தனை என்ற இரண்டு எண்களை ஆண்டுதோறும் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் முன் வைக்க வேண்டும். பிரிட்டனில் அந்த எண்கள் 50, 7 என்று இருந்ததைப் பத்திரிகைக் கசிவின் மூலம்தான் மக்கள் அறிந்தார்கள். நம் ரைஃபிள்களின் எண்களைத் தெரிந்துகொள்ள இன்னொரு கசிவுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.